திருப்பிப் படுக்கவைப்பது எப்படி?

மாமனார் பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான். "எனக்கு அதெல்லாம் தெரியாதே." அதைக் கேட்கும்போதெல்லாம் மருமகளுக்கு உச்சந்தலையில் தணலை வைத்தாற்போல் இருக்கும்.

அவள் கணவன் டயர் கடையில் வேலை பார்ப்பவன். லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றி, உருட்டி, மாட்டுகிறவன். அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னால் மட்டும் அவன் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நாத்தனார் அவனை விடக் கெட்டிக்காரி. அடுத்த தெருவில் அழகு நிலையம் வைத்திருந்தாள். முன்பின் தெரியாதவர்களின் காலை மடியில் வைத்து நகம் வெட்டுகிறவள், பெற்ற அப்பாவின் நகத்தைக் கண்டால், "ஐயோ, பயமா இருக்கு அண்ணி, நீங்களே வெட்டிடுங்க" என்று கண்ணைப் பொத்திக்கொள்வாள்.

அண்ணிக்கு எல்லாம் தெரியும் என்பது குடும்பத்தின் ஏகமனதான முடிவு. அவளுடைய வேலை அப்படி. இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று ஜனங்கள் இணையத்தில் தேடும் சின்னச் சின்னக் காரியங்களுக்கு ஓர் இணையதளத்துக்காக அசையும் படம் செய்துகொடுப்பாள். அறுந்த பொத்தானைத் தைப்பது, ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது, பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவது. சத்தம் கிடையாது. பெரும்பாலும் முகமும் கிடையாது, இரண்டு கைகளும் பொருளும்தான். சில விநாடி ஓடி முடிந்து, முடிந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கும். அந்த ஒட்டு தெரியக் கூடாது. முதல் படத்தில் கை இருந்த இடத்துக்கும் கடைசிப் படத்தில் இருக்கும் இடத்துக்கும் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் கண்ணில் ஒரு தடுக் விழும். அந்தத் தடுக்கோடு அவள் அரை நாள்கூட மல்லுக்கட்டுவாள்.

வேலை வீட்டிலிருந்தே. அதுதான் வினையாகப் போயிற்று. முன்னறையில் ஒரு பக்கம் மாமனாரின் கட்டில், மறுபக்கம் அவள் மேசை. மேசைக்கு மேலே தலைகீழாகத் தொங்கும் போன், அதன் கீழே ஒரு வெள்ளைப் பலகை. பலகையில் பாதி பிரித்த பொருள் ஏதாவது கிடக்கும். "நீதான் வீட்லயே இருக்கியே" என்று கணவன் சொல்லிவிட்டுப் போவான். மேசையில் இருப்பவள் வேலை செய்கிறாள் என்பது அவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஒருநாள் காலை, பிசகிய ஜிப்பைச் சரிசெய்யும் படத்துக்காக அவள் பல்லுப்பல்லாக நகர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கணவன் சட்டைப் பொத்தானை மாட்டியபடி வாசலில் நின்றான்.

"அப்பா நனைச்சுட்டார் போல. பாரேன்."

"நீங்க பாருங்களேன். கை வேலையா இருக்கேன்."

"எனக்கு எங்க தெரியும்? நீதான் படமே போடறவ."

கழுவுற மீனில் நழுவுற மீனாக அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் எழுந்தாள். ஜிப்பு கலைந்தது. அதுவரை நகர்த்தியதெல்லாம் வீண். மாமனாரின் சுரணையற்ற இடக் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கமாகத் திருப்பி, துணியை உருவி, உலர்ந்ததை விரித்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தெரியாதா? சரி, தெரியவைக்கிறேன் என்று அன்றே உட்கார்ந்தாள். ஜிப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். இம்முறை போனில் பிடிக்காமல் படம் படமாகக் கையாலேயே வரைந்தாள். முழங்காலை மடக்குவது, கையைப் பிடிப்பது, திருப்புவது, விரிப்பைச் சுருட்டுவது, மறுபக்கம் உருவுவது. கோபத்தில் கை வேகமாக ஓடியது. ஒட்டும் அபாரமாக விழுந்தது. கட்டிலில் படுத்திருக்கும் உருவத்துக்கு மட்டும் அவளையறியாமல் மாமனாரின் மூக்கு வந்துவிட்டது. அழிக்க அவளுக்கு மனமில்லை.

முதலில் குடும்பக் குழுவில் போட்டாள். கீழே, "இனிமேல் தெரியாது என்று சொல்லுகிறவர்கள் இதைப் பார்க்கவும்." பிறகு அதே சூட்டில் தளத்தின் மேற்பார்வையாளருக்கும் அனுப்பினாள். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய் உடனே ஏற்றிவிட்டார். ஜனங்களுக்கும் பிடித்தது. நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கும் வீடுகள் எத்தனை! படம் போனுக்குப் போன் தாவியது.

நாத்தனார் கடையைக் கூடப் பூட்டாமல் ஓடிவந்தாள்.

"அண்ணி, எங்கப்பாவ இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுட்டீங்களே! கடைக்கு வந்த ஒருத்தி போன எடுத்துக் காட்டறா. மூக்கப் பார்த்ததுமே எனக்கு உயிரே போயிடுச்சு!"

"மூக்கு தெரிஞ்சுதா? முதுகுல புண்ணு வர ஆரம்பிச்சிருக்கே, அது தெரிஞ்சுதா?"

"அதுக்காக..."

"எதுக்காகவும் இல்ல. ஒருநாள், ஒரே ஒருநாள் வந்து இந்தத் துணிய மாத்தியிருந்தா, நான் ஏன் படம் போடறேன்?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். பேச்சு தடித்து, பழைய கதையெல்லாம் வெளியே வந்து, கடைசியில் அவனுக்கே ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன பெரிய வித்தை! நானே பண்றேன் பாரு" என்று போனைத் தலையணையில் சாய்த்துவைத்தான். படம் ஓட ஓட ஒவ்வொன்றாகச் செய்தான். முழங்காலை மடக்கினான். கையைப் பிடித்தான். இழுத்தான்.

கிழவர் அலறினார்.

"தள்ளுங்க! இதுகூட உருப்படியா செய்யத் தெரியல" என்று அவள் பாய்ந்து வந்தாள்.

"நீ போட்டிருக்கற மாதிரியேதான் பண்ணேன்!"

அவள் கிழவரின் கையை எடுத்து, தன் வழக்கப்படி ஒரே இழுப்பில் திருப்பிக் காட்டினாள். கிழவர் இம்முறை அலறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார். கணவன் குனிந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ பண்ணும்போதும் வலிக்குது. கண்ணப் பாரு, தண்ணி வருது."

"மாமா? வலிக்குதா?"

கிழவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். "தோ...ள்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"மொ... மொதல்லேர்ந்து."

"ஏன் மாமா சொல்லல? தினமும் நான்தானே திருப்பறேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்தார். "நீ... கோவமா... இருந்தே."

அவளுக்கு அழுகை வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. எங்கே திருப்புவதென்று தெரியாத கோபம். "உங்க மேலயா எனக்குக் கோவம்? வலிச்சா கத்தணும் மாமா! என்ன கோவமா இருந்தாலும் கத்தணும்!" என்று கத்தினாள். கத்தியபடியே அவர் தோளைத் தொட்டாள். மூட்டு வீங்கியிருந்தது. அந்தத் தோளுக்கு அவள்தான் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை.

மாமனாரைச் சேர்த்திருந்த மருத்துவமனை வார்டின் நர்ஸுக்குப் போன் போட்டாள். நர்ஸம்மா ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார். "செயலிழந்த கையப் பிடிச்சு இழுக்கவே கூடாதும்மா. தோள்ல பிடிமானம் இருக்காது, மூட்டு நழுவிடும். அந்தக் கைய நெஞ்சு மேல வெச்சுட்டு, முதுகுப் பக்கம் தோள்பட்டையில ஒரு கை, இடுப்புல ஒரு கை குடுத்து மொத்தமா உருட்டணும். அவரக் கூட்டிட்டு வாங்க, தோளப் பார்த்துடலாம். வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லலையா?"

அனுப்பிய அன்று அவசரத்தில் யாரோ எதையோ காட்டினார்கள். கணவன் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான், நாத்தனார் மாத்திரை வாங்கப் போயிருந்தாள், அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த போன் மேற்பார்வையாளருக்கு. "அந்தப் படத்த உடனே எடுங்க. தப்பு."

"அது நம்ம தளத்துல சக்கைபோடு போடுது மேடம். புதுசு ரெடியானதும் மாத்திக்கலாம்."

"அதுவரைக்கும் எத்தனை வீட்ல தோள இழுத்துட்டிருப்பாங்க?"

"அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க பார்த்திருக்கணும் இல்லையா?"

அது சுரீர் என்று தைத்தது. உண்மை தைக்கத்தான் செய்யும். "ஆமா. பார்க்கல. என் தப்பு. நீங்க பார்த்தீங்களா? ஒரு நர்ஸ்கிட்ட காட்டினீங்களா? ஒட்டு நல்லா இருக்கான்னுதானே பார்த்தீங்க? இப்ப எடுக்கலன்னா, இது தப்பு, போட்டவளே சொல்றேன்னு படத்துக்குக் கீழயே எழுதுவேன். அதுவும் சக்கைபோடு போடும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். ஆனால் ஏற்கெனவே தாவிப்போன படங்களை யாரால் திரும்ப அழைக்க முடியும்? அந்த நினைப்பு அவளை இன்னும் அரித்தது.

டாக்டர் தோளைப் பார்த்து, கையைத் தொங்கவிடாமல் தலையணை கொடுத்துத் தாங்கச் சொன்னார். வீக்கம் வடிந்த பிறகு புதுப் படத்துக்கு அவள் போனோடு முக்காலியில் ஏறி நின்றாள். "கை எங்க? ரெண்டு பேரும் வாங்க."

"நாங்களா?"

"உன் கைதானே பளபளன்னு இருக்கு? வா. ஏங்க, நீங்க இடுப்புப் பக்கம்."

ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம். கை கொஞ்சம் தள்ளியிருந்தால் முதலிலிருந்து. நாத்தனார் நகம் உடைந்ததென்று சிணுங்கினாள். யாரும் காதில் வாங்கவில்லை. வலிக்கிறதா இல்லையா என்று சொல்லவேண்டியது கிழவரின் வேலை. "மெதுவா" என்பார், நிறுத்துவார்கள். "சரி" என்பார், படம் விழும். அவரும் கிடைத்த அதிகாரத்தை விடவில்லை. சும்மாவே இரண்டு முறை "மெதுவா" சொல்லிப் பார்த்தார். படம் முடிந்தபோது அண்ணன் தங்கை இருவரில் யாரும் இனித் தெரியாது என்று சொல்ல வழியில்லை. நர்ஸம்மா பார்த்துச் சரியென்ற பிறகே அது தளத்துக்குப் போனது. பழையது தவறு என்று மேலேயே எழுதவைத்தாள்.

தோள் வலி குறைய வெகுகாலம் பிடித்தது. கணவன் காலையில் கடைக்குப் போகுமுன் அப்பாவைத் திருப்பி, துடைத்து, விரிப்பு மாற்றிவிட்டுப் போனான். நாத்தனார் தன் கடைக்கு விடுமுறையான நாட்களில் வந்து நகம் வெட்டினாள். முதல் முறை அவள் பயந்தது நிஜம்தான்.

ஒருநாள் தூரத்து உறவுக்காரர் ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். கணவன் அப்பாவைப் பதமாகத் திருப்புவதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! அப்பனுக்குத் தன் கையாலயே எல்லாம் செய்யறானே. பெத்த மனசு குளிரும்பா" என்றார். கணவன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். மறுத்து ஒரு வார்த்தை? ம்ஹும்.

உள்ளே பாத்திரம் ஒன்று ணங்கென்று விழுந்தது. மருமகள் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"ஆமாங்க, தங்கமான பிள்ளை. இவர் கத்துக்கறதுக்கு முன்னாடி எல்லாம் யார் செஞ்சாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஏங்க, சொல்லுங்க. எனக்குத் தெரியாதேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."