ஞாயிறு நான்கு மணி இணைப்பு

அப்போது நாங்கள் புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு கீழ் வீட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் பத்து மாதக் குழந்தையும். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது விடுப்பு முடிந்து போனவர், பிறகு அவளைப் புகைப்படத்தில்தான் பார்த்தார். திங்களன்று ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள், நான்கு மாதம் இணையம் இருக்காது என்று போனில் சொல்லியிருந்தார். குழந்தையை வீடியோவில் பார்க்க முகாமின் கணினி முன் அவருக்குக் கிடைத்தது ஞாயிறு மாலை எங்கள் நேரத்துக்கு நான்கு மணியிலிருந்து அரை மணி நேரம்.

மாடியில், லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கும் பெண் குடியிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒரே பிராட்பேண்டை இரண்டு வீட்டுக்கும் பகிரலாம் என்று அவள்தான் சொன்னாள். தன் பழைய கணினி ஒன்றில் யூனிக்ஸ் வகை மென்பொருளைப் போட்டு, எங்கள் கூடத்தில் வைத்து, அதையே ரூட்டர் ஆக்கினாள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் கதவைத் தட்டி உள்ளே போவது இனி அந்தப் பெட்டியின் வேலை. அந்த முறைக்குப் பெயர் பிபிபிஓஈ. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதுவாள், மறுபடி வாசிப்பாள், பிறகுதான் என்டர் தட்டுவாள். நானும் எதையும் இரண்டு முறை பார்ப்பவள்தான். ஆனால் நான் பார்ப்பது பயத்தில். அவள் பார்ப்பது அப்படி இல்லை.

சனிக்கிழமை எல்லாம் நன்றாக வேலை செய்தது. ஞாயிறு மதியம் இடி இடித்தது. இடி என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று வளர்ந்தவள் நான், பிடுங்கினேன். மழை விட்டதும் மாட்டினேன். இணைப்பு வரவில்லை. மறுபடி பிடுங்கி மாட்டினேன். மறுபடியும். மூன்றரை ஆனதும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

அவள் இறங்கி வந்து திரையில் ஓடிய வரிகளை வாசித்தாள்.

“அக்கா, பிளக்கப் புடுங்கினீங்களா?”

“இடி இடிச்சுதும்மா.”

“எத்தன வாட்டி?”

“ஆறேழு இருக்கும்.”

“ஏழு வாட்டியா! பொட்டி இன்னும் உயிரோட இருக்குதே, அதுவே பெருசு.”

சொல்லிக்கொள்ளாமல் துண்டித்துவிட்டால், நாம் இன்னும் உள்ளேயே இருப்பதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளுமாம். அதே பெயரில் மறுபடி தட்டினால் திறக்காது. அந்தப் பக்கம் தானாகப் பழைய இணைப்பை மூடும்வரை காத்திருக்க வேண்டும்.

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“தெரியலக்கா” என்றாள். தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு நிதானமாகச் சொல்லும் ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“கஸ்டமர் கேருக்குப் போன் போடட்டுமா?”

“ஞாயித்துக்கெழமயா? எடுத்தாங்கன்னா என்னியும் கூப்புடுங்க. அவங்க கொரலக் கேட்டு ரொம்ப நாளாச்சு.”

“பாஸ்வேர்ட மாத்திப் பாக்கலாமா?”

“சரியா இருக்கறத எதுக்குக்கா மாத்தணும்?”

பெட்டி தானாகவே மறுபடி மறுபடி தட்டாதபடி அவள் நிறுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கடிகாரத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தேன். மூன்று ஐம்பதுக்கு ஒருமுறை முயன்றாள். மறுத்துவிட்டது. முதல் நாளே பிளக்கைப் பற்றிக் கேட்டிருக்கலாமே என்று இருந்தது. அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. நான்கு அடித்தது. அப்போதும் உட்கார்ந்தே இருந்தாள். தான் செய்தது சரி என்று தெரிந்தால் ஒருவரால் இப்படிச் சும்மா இருக்க முடியும் போலிருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைப்பவள் நான்.

நான்கு எட்டுக்கு மறுபடி முயன்றாள். திரையில் புள்ளி வைத்த எண்கள் ஒரு வரியாக வந்தன.

“உள்ள வுட்டுட்டாங்கக்கா” என்று எழுந்தாள்.

“இரும்மா, அவரப் பாத்துட்டுப் போ.”

“அவரு என்னியப் பாக்கவா வராரு?” மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

கணவர் என் லேப்டாப் திரையில் வந்தார். முகம் கட்டம் கட்டமாக உடைந்து சேர்ந்தது. எட்டு நிமிடத் தாமதத்துக்கு நான் காரணம் சொல்ல ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வுடு. பாப்பாவோட காலக் காட்டு. போட்டோல எல்லாம் சாக்ஸ் போட்டு வச்சிருக்க.”

சாக்ஸைக் கழற்றி இரண்டு பாதங்களையும் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். அவள் விரல்களை விரித்து மடக்கினாள். பின்னால் காத்திருந்த வீரர் வந்து தோளைத் தொடும்வரை அவர் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.