உக்கிரபாண்டி வீட்டுப் புகைக்கூண்டு

ராஜபாளையத்தில் வீட்டுக் கூடத்துக்குள் குளிர்காய அடுப்பு கட்டிய ஒரே ஆள் உக்கிரபாண்டிதான். சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊர் இது. இங்கே சுவரோரம் செங்கல் அடுப்பு கட்டி, அதிலிருந்து ஓட்டுக் கூரைக்கு மேலே புகைக்கூண்டும் எழுப்பி, விறகெரித்துப் பக்கத்தில் உட்காரும் மனுஷனை ஊர் சும்மா விடுமா? டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே, "என்ன மிலிட்டரி, வீட்டுல பனி கொட்டுதா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பட்டாளத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். டீயைக் குடித்துவிட்டுத் தன்பாட்டுக்கு வந்துவிடுவார். அது போதாதென்று எந்நேரமும் காலில் சாக்ஸும் ஷூவும் வேறு. வேட்டி கட்டினாலும் ஷூ, கோயில் வாசலில் ஷூவைக் கழற்றினாலும் சாக்ஸ். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று ஊரில் பந்தயம் கட்டாத குறை.

மருமகள் கார்த்திகா இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. வத்திராயிருப்புக்காரி. பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை. கணவன் வினோத் போலீஸில் இருக்கிறான், சென்னையில் டூட்டி. லீவு கிடைத்தால் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். ஆக அவள் காலம் தள்ளுவதெல்லாம் மாமனாரோடும் மாமியார் கருத்தம்மாவோடும்தான். கருத்தம்மா வாய் ஓயாதவள், அவளோடு ஒட்டிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாமனாரிடம்தான் முடியவில்லை.

அதற்குக் காரணம் கல்யாணத்தன்று நடந்தது. தாலி ஏறிய கையோடு பெரியவர்கள் காலில் வரிசையாக விழுந்து வந்தார்கள். உக்கிரபாண்டி முன்னால் வந்து கார்த்திகா குனிந்து கையை நீட்டியதுதான் தாமதம், மனுஷன் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று எட்ட நின்றே அட்சதையைத் தூவினார். மண்டபமே பார்த்தது. அவளைப் பெற்றவர்கள் முகம் சுண்டிப் போயிற்று. துண்டு நிலத்துச் சம்சாரி வீட்டுப் பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று யாரோ சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது. பிற்பாடு வினோத்திடம் கேட்டதற்கு, "அது அப்பா சங்கதி, அவரா சொன்னாத்தான் உண்டு" என்று முடித்துவிட்டான். போலீஸ்காரனிடம் அதற்கு மேல் வாயைப் பிடுங்க முடியுமா என்ன.

அவள் அதை மறக்கவில்லை. ஒரு வருஷமாக மாமனாருக்குக் காபி கொண்டுபோய் வைப்பாள், தள்ளி நிற்பாள். அவரும் நிமிர்ந்து பார்க்காமல் எடுத்துக்கொள்வார்.

இந்த ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. புகைக்கூண்டு கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் கொத்தனார் சிமெண்டைக் குழைத்துப் பூசியிருந்தார். வெயிலில் காய்ந்து காய்ந்து அது வெடித்திருந்தது. ஓட்டுச் சரிவில் ஓடி வந்த தண்ணீரெல்லாம் கூண்டில் முட்டி, அந்த வெடிப்பு வழியாகச் சுவருக்குள் இறங்கியது. சுவருக்கு அந்தப்பக்கம் கார்த்திகாவின் அறை. ஒருநாள் வேலையிலிருந்து வந்து அலமாரியைத் திறந்தால் கல்யாணப் பட்டில் கரி கலந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அப்பா கடன் சொல்லாமல் ஆசையாசையாக எடுத்துத் தந்த சேலை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அத்தை, இந்த ஊருல யாரு அடுப்பு வேணும்னு கேட்டாவ? அதை இடிச்சு எடுத்துருங்க. இல்லன்னா நான் வத்திராயிருப்புல இருந்தே வேலைக்குப் போயிக்கிறேன்."

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். விழுந்தது. உக்கிரபாண்டி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இப்படி எழுந்து போனால், நீயும் போய்விடு என்றுதானே அர்த்தம் என்று நினைத்தாள். அன்றைக்கே பையில் துணியை எடுத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புவதாக முடிவு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பையோடு வெளியே வரும்போது வாசலில் மொபெட் ஒன்று நின்றது. பின்சீட்டில் தகடுகள் கட்டியிருந்தன. அசன் முகம்மது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்புகளுக்குப் புகைக்கூண்டு மாட்டுகிறவர். அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போன உக்கிரபாண்டி, இவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அசன் முகம்மது அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்ன அண்ணாச்சி, கூண்டுக்கு மேல மூடியே இல்ல? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. மழை நேரா அடுப்புலல்ல எறங்கும்."

"பனி ஊருல நான் கீழ உக்காந்து குளிர் காஞ்சவன், பாய். கூரையில ஏறியா பாத்தேன்?" என்றார் உக்கிரபாண்டி.

கார்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பையைக் கீழே வைத்துவிட்டுச் செத்த நேரம் நின்றாள். அசன் முகம்மது கொண்டு வந்த தகட்டை அங்கேயே வெட்டி மடித்தார்: கூண்டுக்கு மூடியாக நாலு கால் வைத்த ஒரு தகரத் தொப்பி, குரங்கும் குருவியும் நுழையாமல் சுற்றிலும் வலை. கூண்டைச் சுற்றி அடிக்க மடித்த தகடுகள். மேல்பக்கத் தகடு மேல் ஓட்டுக்கு அடியில் போக வேண்டும், கீழ்பக்கத் தகடு கீழ் ஓட்டுக்கு மேலே படிய வேண்டும், அப்போதுதான் தண்ணீர் சுவருக்குப் போகாமல் ஓட்டோடு ஓடிவிடும் என்று அசன் முகம்மது சொன்னார். ஆனால் ஓட்டைத் தூக்கிப் பிடிக்க மேலே இன்னொரு ஆள் வேண்டும். கூட வேலை பார்ப்பவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மேகமோ மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நான் ஏறுறேன்" என்றாள் கார்த்திகா. அவளுக்கே ஏன் சொன்னோம் என்று தெரியவில்லை.

"அப்பம் செருப்பைக் கழட்டிரும்மா. ஓட்டு மேல வெறுங்காலுதான். செருப்பு, ஷூ எல்லாம் வழுக்கும், ஓடும் நொறுங்கிரும்" என்றார் அசன் முகம்மது.

"வேண்டாம்" என்றார் உக்கிரபாண்டி. "பாசி புடிச்ச ஓடு. அந்தப் புள்ளைய ஏத்தாதீங்க."

சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். பிறகு சாக்ஸைக் கழற்றினார். வாசலைப் பார்க்காமல், முதுகைத் திருப்பிக்கொண்டு கழற்றினார். "ஏணியை மட்டும் புடிச்சிக்கோம்மா" என்று, முன்னால் ஏறிவிட்ட அசன் முகம்மதுவுக்குப் பின்னால் ஏறத் தொடங்கினார்.

ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்த கார்த்திகாவின் முகத்துக்கு நேராக அந்தக் கால்கள் கடந்து போயின. இடது காலில் ஒரு விரல்கூட இல்லை. வலது காலில் பெருவிரலும் அதை ஒட்டியதும் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் வெந்து ஆறிய தோல் மாதிரி மழமழவென்று இருந்தது. பாதத்தின் நடுப்பகுதியைப் படியில் ஊன்றி ஊன்றி மேலே போனார்.

அவள் திரும்பிக் கருத்தம்மாவைப் பார்த்தாள். கருத்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பனியில போன வெரலு தாயி. மலை உச்சியில காவலுக்கு நின்ன எடத்துல ஒறைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில எடுத்துட்டாவ. இப்பமும் கார்த்திகை மார்கழியில மலைக்காத்து எறங்குனா, இல்லாத வெரலு கடுக்குதும்பாவ. அதுக்குத்தான் அடுப்பு."

"எங்கிட்ட ஏன் அத்தை சொல்லலை?"

"சொல்லப்படாதுன்னுட்டாவ. ஊரு சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போவட்டும், பாவம் பாக்கக் கூடாதாம்." கருத்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "உன் கல்யாணத்தன்னைக்கு நான் எம்புட்டோ சொன்னேன். கேக்கல. கொறைப்பட்ட காலு, புதுசா வாழ வர்ற புள்ள அதைத் தொட்டுக் கும்புடவா, அதுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன செய்வேன்னு பொலம்புனாவ."

இந்த மனுஷனை என்னவென்று சொல்வது. துப்பாக்கிக்கும் பனிக்கும் அஞ்சாதவர் ஒரு சகுனத்துக்குப் பயந்து, வந்த பெண்ணை ஒரு வருஷம் எட்ட நிறுத்திவிட்டார். அவளும்தான் ஒரு வருஷமாக நெஞ்சில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேலே ஓடுகள் நகரும் சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்டன. தொப்பியைக் கூண்டின் மேல் உட்கார வைத்து முடுக்கி முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. செத்த நேரத்தில் தூறல் வலுத்தது. "ஒழுகல அண்ணாச்சி, தகட்டு மேல ஏறி அந்தப்பக்கம் ஓடுது பாருங்க. எறங்குங்க மொதல்ல" என்று அசன் முகம்மதுவின் குரல் கேட்டது.

உக்கிரபாண்டி ஏணியில் காலை வைத்தார். ஏறும்போது படி கண்ணுக்குத் தெரிந்தது, இறங்கும்போது தெரியவில்லை. ஈரப் படியை இடது கால் துழாவியது. தடவிப் பார்த்துப் பிடித்துக்கொள்ள அதில் விரல் இல்லையே. ஒருமுறை வழுக்கியது. கருத்தம்மா "ஐயோ" என்றாள்.

கார்த்திகா ஏணியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கீழ்ப்படியில் ஏறி, எட்டி அந்தக் காலைப் பிடித்தாள். இழுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தாள். அவர் இழுக்கவில்லை.

"இங்கன வைங்க மாமா" என்று பாதத்தைப் படியில் பதித்தாள். பிறகு மற்ற காலை. ஒவ்வொரு படிக்கும் இப்படியே கையால் எடுத்து வைத்துத் தரை வரைக்கும் கூட்டி வந்தாள்.

இறங்கி நின்றவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாசல்படியில் சாக்ஸைத் தேடினார். அது மழையில் நனைந்து கிடந்தது. அவள் அதை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். ஊருக்குக் கிளம்ப வைத்திருந்த பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, விறகு எடுக்கப் போனாள்.

"உள்ள வாங்க மாமா, அடுப்பை மூட்டுறேன். வெறுங்காலோட உக்காருங்க, வீட்டுக்குள்ள வேற யாரு இருக்கா."