வெறும் நிரைக்கு விழுந்த ஏச்சு

பொன்னையா கங்காணியின் சாவு வீட்டில் கிருஷ்ணம்மாதான் அதிகம் அழுதாள்.

எழுபத்து நாலில் தேயிலைத் தோட்டத்தில் வாந்திபேதி பரவியபோது, நோய் கண்ட வீட்டாரின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டச் சொல்லியிருந்தார் தோட்டத்தை நடத்திய துரை. கிருஷ்ணம்மாவின் புருஷன் படுத்த படுக்கை; துரைக்குத் தெரியாமல் அவனைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்தாள். பேர் போனால் அரிசியும் போகும். மலையில் பெண்கள் அவளுக்கு ஒதுக்கிய செடி நிரையிலும் கொழுந்து பறித்து, அவள் கூடையை நிரப்பினார்கள். பனிமூட்டத்துக்குள் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், வேலை வாங்கிக்கொண்டிருந்த கங்காணி ஆளில்லாத அவள் வெறும் நிரையைப் பார்த்துக் கத்தினார்:

"ஏ கிருஷ்ணம்மா, தூங்குறியா? கைய வீசிப் பறி புள்ள!"

துரை நிற்காமல் போய்விட்டார். கீழே லயத்து வீட்டு வாசலில் நின்றவளுக்கும் அந்த ஏச்சு கேட்டது. அத்தனை பயத்திலும் சிரித்துவிட்டாள். புருஷன் பிழைத்தான், பேரும் நின்றது.

இப்போது அவர் காலடியில் உட்கார்ந்து, "இன்னொருக்கா ஏசுங்க கங்காணியாரே" என்றாள்.