மூன்றாவது நிரல்

எழுபதுகளின் கடைசி. அன்று காலை எங்கள் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: வயிறு திறக்கும் பெரிய டொக்டர், மயக்க மருந்து டொக்டரம்மா, தாதி மிஸி ஒருவர், எடுபிடி வேலை செய்யும் அற்றென்டனான நான், மேசையில் நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் மனைவி. ஐந்து. ஆறாவது ஆள் இல்லை. பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன்; எனக்கிருந்த பயமெல்லாம் வேலை போய்விடுமோ என்பதுதான்.

தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏற்றினால் நோயாளியால் தானாக மூச்செடுக்க முடியாது, வாய்க்குள் இறக்கிய குழாயில் மாட்டிய றப்பர் பையை நாங்கள்தான் அமுக்க வேண்டும். பழைய முறைக்கு இரண்டு குழாய்களும் விட்ட மூச்சின் கெட்ட காற்றை உறிஞ்சும் ஒரு சுண்ணாம்புப் பேணியும். புதிதாக வந்ததோ குழாய்க்குள் குழாய்: உள்குழாயால் நல்ல காற்று வரும், வெளிக்குழாயால் விட்ட மூச்சு போகும். எது நல்லது என்று பார்க்க டொக்டரம்மா ஒருநாள் அதையும் ஒருநாள் இதையும் பூட்டிக்கொண்டிருந்தார். அன்று புதியது. அவர் தன் கொப்பியில் குறிப்பெழுத, நான் பையை அமுக்கினேன்.

"உவன் அமத்துறதைப் பாருங்கோ, திருவிழாவிலை பலூன் விக்கிறவன் மாதிரி," என்று பெரிய டொக்டர் பகிடி விட்டார். சிரித்தபடி குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "டொக்டர், ரத்தம் கறுக்குது."

டொக்டரம்மா பாய்ந்து வந்து குழாயைக் கழற்றினார். உள்குழாய் இடம் விலகிக் கிடந்தது. அந்த அம்மா விட்ட மூச்சே திரும்பத் திரும்ப அவருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"ஆர் உள்குழாயைக் கழட்டினது?"

"நான்தான் டொக்டர். கழுவேக்கை தண்ணி நிண்டிடுமெண்டு பயந்து, கழட்டிக் காயப்போட்டனான்."

"தொடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்! ஓடு, பழசைக் கொண்டா!"

கொண்டுவந்தேன், ஆனால் அவசரத்தில் பேணியின் மூடி பூட்டுப்படவில்லை, மூன்று பிள்ளைகளின் தாய் என் கையால் போகப்போகிறார் என்று நினைத்தபடி திரும்பத் திரும்பத் திருகினேன். டொக்டரம்மா வாய்க்குழாயில் ஊதக் குனிந்தார். அதற்குள் மிஸி, "டொக்டர்... நெஞ்சைப் பாருங்கோ," என்றார்.

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வாய்க்குழாயில் எதுவுமே மாட்டியிருக்கவில்லை. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. டொக்டரம்மா குழாய்க்கு நேரே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "மருந்து ஏத்திப் பத்து நிமிஷமும் இல்லை. இவவாலை தானா மூச்செடுக்க ஏலாது," என்றார், யாரிடம் சொன்னாரோ தெரியவில்லை. ரத்தம் சிவந்தது. நான் ஒருவழியாக மூடியைப் பூட்டிப் பழைய குழாயை மாட்டிய கணமே நெஞ்சு நின்றது. பிறகு அரைமணி நேரம் நான் அமுக்கினால்தான் மூச்சு.

அந்த அம்மா சுகமாகி வீட்டுக்குப் போனார். என் வேலையும் போகவில்லை. சிலருக்கு மருந்தின் வேகம் சீக்கிரம் விட்டுவிடும் என்று யாரோ சொன்னார்கள். அப்படியென்றால் ஏன் திரும்ப நின்றது?

பின்னேரம் மேசை துடைக்கும்போது டொக்டரம்மாவின் கொப்பி திறந்து கிடந்தது. பழையது, புதியது என்று இரண்டு நிரல்கள். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நிரலும் கீறியிருந்தார். எதுவும் மாட்டாதிருந்த நேரத்தில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தம் என்ன நிறம், எல்லாம் எழுதியிருந்தது. மற்ற இரண்டையும்விடத் திறமாக இருந்தது. மேலே முறையின் பெயர் எழுதும் இடத்தில் மட்டும், பேனையை ஊன்றியபடி நெடுநேரம் நின்றதுபோல, ஊறிப் பரவிய ஒரு மைப்புள்ளி.