அட்டலாண்டாவும் ஒரு மஞ்சள் மிதவையும்

திரேஸ்புரம் கரையில் எல்லாப் படகிலும் புனிதர்களின் பெயர் இருக்க, ஒரு மீசைக்காரரின் படகில் மட்டும் 'அட்டலாண்டா' என்று எழுதியிருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய மச்சான் சொன்ன பெயராம்.

"கிரேக்கத்துப் பிள்ள, தம்பி. ஓட்டத்துல ஒருத்தனும் அவள முந்த முடியாதாம்" என்றார் என்னிடம்.

அவருக்கு ஒரு பழக்கம். கடலில் எது மிதந்தாலும் எடுக்காமல் வரமாட்டார். பந்து, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலி.

கோயில் திருவிழாப் படகுப் போட்டியில் அட்டலாண்டா முதலாவதாகப் பறந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு மஞ்சள் மிதவை தெரிந்தது. அவ்வளவுதான், படகைத் திருப்பிவிட்டார்! பின்னால் வந்த புனிதர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். கரையே விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியாக, மிதவையை அணைத்தபடி வந்து இறங்கினார். ஆத்திரத்தில் மீதிக் கதையைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அவளும் இப்படித்தான் தோத்துப்போனா. ஓடும்போது ஒருத்தன் தங்க ஆப்பிள உருட்டிவிட்டான். இவ குனிஞ்சு பொறுக்குனதும் அவன் முந்திட்டான்."

அவர் கண்கள் விரிந்தன. "ஆப்பிள் அவளுக்குத்தான கெடச்சிச்சு?"

"ஆமா."

"பொறவு என்னலே, அவ தோத்துட்டான்னு சொல்லுத?"

அன்றிலிருந்து அந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும், வென்றது யார் என்கிற இடத்தில் எனக்கு நாக்குத் தடுமாறுகிறது.