நாற்பத்தெட்டாம் கல்: நிலக்கோட்டையிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை ஒரு சாலை

திண்டுக்கல்லுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொடைக்கானலுக்கு வழி கேட்கிறார்கள். எனக்கு மலையைவிட மலையை ஒட்டிப் போகிற சாலைகள்தான் பிடிக்கும். என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் இதை ஒரு வியாதி என்பார். ஆனாலும் ஸ்கூட்டரை எடுத்தால் பின்சீட்டில் முதலில் ஏறி உட்காருகிறவர் அவர்தான்.

நிலக்கோட்டையிலிருந்து செம்பட்டி வழியாக ஒட்டன்சத்திரம் போகும் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், புளியமரங்களுக்குக் குறி போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மரங்கள் போவதற்குள் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று, ஆயுதபூசை முடிந்த வாரத்துச் சனிக்கிழமை கிளம்பினோம். காலை ஆறரைக்கு நிலக்கோட்டை பூச்சந்தை. மல்லிகை மூட்டைகளை வேன்களில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு முழம் கிடைத்தது, அவருக்குத் தும்மல் கிடைத்தது.

அங்கிருந்து செம்பட்டி பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். செம்பட்டியில் கொடைக்கானல் கூட்டம் இடதுபுறம் பிரிந்துவிடும், நாம் நேராகப் போக வேண்டும். ஒட்டன்சத்திரம் இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கும். இடதுகை பக்கம் மலை கூடவே வரும். முதலில் தென்னந்தோப்பு, போகப் போகத் தக்காளியும் முருங்கையும். இட்லி சாப்பிடுவதென்றால் செம்பட்டியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் டீக்கடைகள்தான்.

இந்தச் சாலையின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் தேட வேண்டாம், ஊர்ப்பெயர் போதும். போய்ச் சேரும் ஊரே ஒரு சத்திரம். பழனிக்கு நடந்தவர்கள் படுத்து எழுந்த வழி இது. பிறகு வண்டி மாடு வந்தது, பஸ் வந்தது, மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. நடப்பவர்கள் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் தை மாதத்தில் வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதில்தான் நடக்கிறார்கள்.

செம்பட்டி தாண்டி ஒன்பது கிலோமீட்டர் போயிருப்போம். 'பழனி 48' என்று எழுதிய கிலோமீட்டர் கல் ஒன்று மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டோடு, வாடிய மாலையோடு நின்றது. தலையில் பச்சை அடித்திருந்தால் அது மாநில நெடுஞ்சாலைக் கல். டிரைவர் வண்டிக்குப் பூசை போடுகிற மாதிரி, சாலைப் பணியாளர்கள் ஆயுதபூசைக்குத் தங்கள் கல்லுக்குப் போடுவார்கள். எங்கள் பக்கம் வழக்கம்தான். ஆனால் இந்தக் கல்லின் கதை கொஞ்சம் நீண்டுவிட்டது. பொட்டைப் பார்த்த பாதயாத்திரைக்காரர்கள் சாமி என்று நினைத்துக் கற்பூரம் ஏற்ற ஆரம்பித்து, நாளடைவில் அதுவே அவர்கள் கூடும் இடமாகிவிட்டது. சோற்றுப் பானை ஏற்றிய வேன் முன்னால் போய் நாற்பத்தெட்டில் நிற்கும், நடப்பவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். கல்லுக்குப் பின்னால் பாண்டியம்மாளின் டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், இஞ்சி தாராளம்.

அன்றைக்குப் பாண்டியம்மாள் முகத்தில் சிரிப்பு இல்லை. சாலைப் பணியாளர்கள் கடப்பாரையோடு வந்து நின்றிருந்தார்கள்.

"ரோடு அகலமானா கட போகும்னு தெரியும்க்கா. போகட்டும். பழனிப் பக்கமா முக்கா கிலோமீட்டர் தள்ளி எங்க காடு இருக்கு, அங்கிட்டுப் போட்டுக்கிருவேன். கல்லு இங்கயே நின்டா எங்கடைக்கு யாரு வருவா? தை மாச ஏவாரத்த நம்பித்தான் மகளக் காலேஜுல சேத்திருக்கேன்" என்றாள்.

காடு என்று அவள் சொன்னது மானாவாரி நிலத்தை. புதுக் கல்லை அதற்கு எதிரே நடச் சொல்லிப் பணியாளர்களின் மேஸ்திரியிடம் கெஞ்சினாள்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "நாப்பத்தெட்டுன்னா நாப்பத்தெட்டுலதான் நடணும் தாயி. ஒன் கடைக்காகப் பழனிய நகத்தவா?"

புதுக் கல் லாரியில் வந்து இறங்கியது. பழையதைப் பிடுங்கிப் படுக்க வைத்தார்கள். உடைத்துப் பள்ளத்தில் போட வேண்டும் என்பது உத்தரவு. சம்மட்டியை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். அடுத்தவரும் தொடவில்லை.

"நாமளே பொட்டு வச்ச கல்லு. மால கூட இன்னும் உதிரல. எப்பிடிண்ணே ஒடைக்கிறது?" என்றார் ஒருவர்.

"ஒடைக்க வேணாம், எனக்குக் குடுத்துருங்க" என்றாள் பாண்டியம்மாள்.

மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "ஒன் பட்டா நெலத்துக்குள்ள வச்சுக்க. ரோட்டோரத்துல நட்டே, நானே வந்து பிடுங்கிருவேன்."

அவள் கூப்பிட்டு வந்த டிராக்டரில் கல்லை ஏற்ற ஆரோக்கியமும் ஒரு கை கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் தைலம் மணந்தது. எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. புதுக் கல்லிலும் அதே எண்தானே, எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டால் இவள் என்ன செய்வாள்? கேட்டும்விட்டேன்.

"பாப்போம்க்கா" என்றாள்.

ஒட்டன்சத்திரம் வரை போய், பழனி–திண்டுக்கல் சாலை வழியாக வீடு திரும்பினோம். ஆனால் அந்தப் 'பாப்போம்' என்னைவிட்டுப் போகவில்லை. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மறுபடியும் வண்டியை எடுத்தேன்.

சாலை அந்த இடத்தில் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. புளியமரங்கள் இல்லை. புது நாற்பத்தெட்டு பளிச்சென்று நின்றது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. வண்டியை நிறுத்தாமல் ஓட்டினேன். முக்கால் கிலோமீட்டர் தள்ளி முதலில் தெரிந்தது சோற்று வேன். அப்புறம் பச்சை வேட்டிக் கூட்டம். நடுவில், காட்டு ஓரத்தில், அதே குங்குமத்தோடு பழைய கல். பாண்டியம்மாள் டீ ஆற்றுகிற வேகத்தில் என்னைக் கவனிக்கக்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆரோக்கியம் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

"புதுக் கல்லப் பாக்கலையா?" என்று வேன் டிரைவரிடம் கேட்டேன்.

"பாத்தேம்மா. அதுல வெறும் நம்பர்தான இருக்கு? வருசா வருசம் கும்புட்ட கல்லு இங்கல்ல இருக்கு!"

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தை மாதத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், சாலையின் இடது ஓரம் நடப்பவர்களுடையது. நிழல் இனி இல்லை, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். ஸ்கூட்டருக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் தாராளம். தூரம் பார்ப்பதென்றால் பாண்டியம்மாள் காட்டுக் கல்லை நம்பாதீர்கள், அது பொய் சொல்கிறது.

அதை அவளே மறைப்பதில்லை. அன்றைக்குக் கால் கொப்பளித்துப் போன ஒரு பெரியவர் கல்லைப் பார்த்து, "இன்னும் நாப்பத்தெட்டா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். பாண்டியம்மாள் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அம்புட்டு இல்லண்ணே. முக்கா கிலோமீட்டர நீங்க ஏற்கெனவே நடந்துட்டீக."