சீர்த் தட்டில் ஏறிய பாதி ஸ்வெட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாரடைப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எப்படி வராமல் போனது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஒரு கல்யாண மண்டபம். நிறைய ஜனம். மேளச் சத்தம். தாய்மாமன் வீட்டுச் சீர்த் தட்டுகள் வரிசையாக மேடை ஏறுகின்றன. தேங்காய், பழம், வளையல், அதிரசம், முறுக்கு... கடைசித் தட்டில், கலர் கண்ணாடித்தாளுக்குள், மஞ்சளாக ஏதோ ஒன்று. அதிலிருந்து இரண்டு ஊசிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

என் ஸ்வெட்டர். பாதி ஸ்வெட்டர். யார் கண்ணிலும் படக் கூடாது என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டி... சரி, பூட்டவில்லை, அங்கேதான் தப்பு. ஒளித்து மட்டும் வைத்திருந்தேன்.

இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

நான் உல்லன் நூலில் பின்னுகிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மதுரையில் ஸ்வெட்டரா என்று சிரித்தவர்களும் உங்களில் உண்டு. சிரிக்கலாம்தான். எங்கள் தல்லாகுளம் வீட்டில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். அங்கே உட்கார்ந்து ஒருத்தி கம்பளி பின்னினால் பார்க்கிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் நான் குளிருக்காகவா பின்னினேன்? கை சும்மா இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. வீட்டில் எல்லோருடைய நிம்மதிக்காகவும் பின்னினேன்.

பின்னினேன் என்று இறந்த காலத்தில் சொல்கிறேன், கவனித்தீர்களா?

கொஞ்ச காலமாக நான் எதையும் முடிப்பதில்லை. ஊட்டிக்குப் போகும்போது போட்டுக்கொள்ள வீட்டுக்காரருக்கு ஒரு மப்ளர் ஆரம்பித்தேன். கைக்குட்டை அளவில் நிற்கிறது. மகனுக்கு ஒரு குல்லா... விளிம்பு மட்டும் தயார், மண்டையை மூட வழியில்லை. பக்கத்து வீட்டு டீச்சருக்கு ஒரு செல்போன் பை. அட, ஒரு பையைக்கூடவா ஒருத்தியால் முடிக்க முடியாது? முடியவில்லையே. கடையில் நூல் வாங்கும்போது இருக்கிற உற்சாகத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கலர் கலராக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் ஊருக்கே சட்டை பின்னிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். வீட்டுக்கு வந்து நாலு விரற்கடை பின்னியதும் கை தானாக நின்றுவிடும். டிவி ரிமோட்டைத் தேடும்.

கேட்டவர்களிடம் வெயில் என்றேன். கழுத்து வலி என்றேன். கண்ணாடி பவர் மாறிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன் என்பதுதான் வேடிக்கை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். என் வீட்டுக்காரரின் தங்கை செல்வி. அவள் மகள் பவித்ராவுக்கு அன்றைக்கு வளைகாப்பு. எல்லா வீட்டிலும் நடக்கிற வளைகாப்பு மாதிரி அல்ல இது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பவித்ரா முதல் தடவை உண்டானாள். ஐந்தாம் மாதம் அந்தப் பிள்ளை தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு இப்போதுதான். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாக வந்து சேர வேண்டுமே என்று எங்கள் குடும்பமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. பூனை குறுக்கே போனால்கூட செல்வி வீட்டுக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்து விடுகிறாள். அவள் எதிரில் யாராலும் தும்மக்கூட முடியாது.

தாய்மாமன் முறைக்கு எங்கள் வீட்டுச் சீர். எங்கள் பக்கம் சீர்த் தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். நான் காலையிலேயே மாட்டுத்தாவணிச் சந்தையில் பூ வாங்கிக்கொண்டு நேராக மண்டபத்துக்குப் போய்விட்டேன். கட்டி வைத்த தட்டுகளை வேனில் ஏற்றிக் கொண்டுவருவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஏற்றும்போது எண்ணிப் பார்த்திருக்கிறார். இருபது. இரட்டைப்படை. நான்தான் எண்ணிக் கட்டியதில் கோட்டை விட்டிருக்கிறேன். இப்போது ஒன்றைக் குறைக்கலாமா? கட்டிய சீரைக் குறைப்பதா... அதுவும் இந்தப் பெண்ணுக்கா? கூட்டத்தான் வேண்டும். எதைக் கூட்டுவது? எனக்கு போன் போட்டாராம். பூக்கடைச் சத்தத்தில் நான் எடுக்கவில்லையாம். மனுஷன் பீரோவைத் திறந்துவிட்டார்.

"பிள்ளைத் துணி மாதிரி இருந்துச்சு. நீ பின்னுனது. கடையில வாங்குறதவிட மதிப்பா இருக்கும்னு எடுத்து வச்சேன்" என்று பிறகு சொன்னார்.

"ஊசி நீட்டிக்கிட்டு இருந்துச்சே, அதப் பாக்கலையா?"

"அது ஏதோ டிசைன்னு நினைச்சேன்."

முப்பது வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்தவர். எத்தனை சாட்சிகளைப் பார்த்திருப்பார். ஊசி டிசைனாம்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். அதற்குள் பவித்ராவின் மாமியார் கண்ணாடித்தாளைப் பிரித்துவிட்டார். நல்ல மனுஷி, எங்கள் சம்பந்தியம்மா. வந்த சீரை எடுத்து நாலு பேருக்குக் காட்டுவதுதான் மரியாதை என்று உயர்த்திப் பிடித்தார். முதுகுப் பக்கம் முழுசாக இருந்தது. முன்பக்கம் பாதியில் ஊசியோடு நின்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"கையில்லாத பிள்ளைச் சட்டையைச் சீர்ல வப்பாகளா?" என்றார். சத்தம் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

மேளம் நின்றுவிட்டது. செல்வியின் முகம் வெளுத்துப் போய்விட்டது. "மதினி... எம்புட்டுக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டு நிக்கிறேன். இன்னைக்குப் போயி, பாதியில நின்னதக் கொண்டாந்து வச்சிருக்கீகளே" என்றாள்.

ஆனால் செல்விக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியுமே. அது வெறும் பாதி ஸ்வெட்டர் இல்லை. பவித்ராவின் அந்த முதல் பிள்ளைக்காக நான் ஆரம்பித்தது. நூலைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் என்னோடு நின்று, "ஆணோ பொண்ணோ, மஞ்சள்னா ரெண்டுக்கும் ஆகும் அத்தை" என்றாள். முன்பக்கம் பாதி வந்திருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்படியே ஊசியோடு சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன். அதைப் பிரிக்கவும் மனசு வரவில்லை, முடிக்கவும் மனசு வரவில்லை.

வராமல் போன பிள்ளையின் சட்டை, வரப் போகிற பிள்ளையின் சீரில். பவித்ராவுக்கு மட்டும் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது, அவள் தாங்க மாட்டாள் என்பதுதான் அந்த நிமிஷத்தில் என் ஒரே வேண்டுதல்.

"ஊசிய உருவிட்டு ஓரமா வைங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். சம்பந்தியம்மா ஓர் ஊசியை உருவிவிட்டார். பின்னல் தெரிந்தவர்கள் பார்க்கக் கூடாத காட்சி அது. ஊசியை உருவினால் அதில் கோத்திருக்கிற நூல் கண்ணி அத்தனையும் பிடிமானம் இல்லாமல் நிற்கும். நூலைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும்.

"இழுக்காதீங்க அத்தை" என்றாள் பவித்ரா, மாமியாரிடம்.

கன்னத்தில் சந்தனம். இரண்டு கை நிறைய வளையல். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அந்தக் கண்ணிகளை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது அந்த மஞ்சள்தானே அத்தை?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். "ஆமா தாயி" என்று வந்துவிட்டது.

அவள் மயங்கி விழப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன் அத்தை. ஆஸ்பத்திரியில இருந்து வந்து பாத்தா வீட்டுல ஒண்ணுமே இல்ல. ஸ்கேன் படம் இல்ல, மாத்திரை டப்பாகூட இல்ல. அம்மா எல்லாத்தையும் அப்புறப்படுத்திருச்சு, நான் பாத்தா அழுவேனாம். அதுக்கப்புறம் ஒருத்தர்கூட அந்தப் பிள்ளையப் பத்திப் பேசல. அப்படி ஒண்ணு என் வயித்துல இருந்துச்சா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

செல்வி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சம்பந்தியம்மா கையில் இருந்த ஊசியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"பாத்து, ஒண்ணுகூட விடாமக் கோத்துருங்க" என்றார்.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் பவித்ராவின் காலடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக ஊசியில் ஏற்றினேன். மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அவள் பிடித்துக்கொண்டாள், நான் கோத்தேன். முடிந்ததும் துணியை என் கையில் கொடுத்து, "முடிச்சுக் குடுங்க" என்றாள்.

"சரி தாயி. பிள்ளை பிறந்ததும் போட்டுப் பாப்போம்."

"இல்ல அத்தை. இந்தப் பிள்ளைக்கு வேற பின்னுங்க. இது அதுக்கு."

நான் இத்தனை நாள் ஆர்வம் போய்விட்டது, போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தேனே... வீட்டுக்கு வந்து பீரோவின் முன்னால் தரையில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மப்ளர், குல்லா, செல்போன் பை எல்லாமே அந்த மஞ்சளுக்குப் பிறகு ஆரம்பித்தவை. ஒன்றுகூட முடியவில்லை. இதற்கு நான் பாவம் அந்த வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நல்லது என்று நினைத்து நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக ஒளித்து வைத்தோம். அவளோ ஏதாவது ஒன்று கண்ணில் படாதா என்று மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்பு என்ற பெயரில் நாம் செய்கிற அநியாயங்கள் கொஞ்சமா நஞ்சமா?

இந்த வாரம் முன்பக்கம் முடிந்துவிட்டது. யாரும் போட்டுக்கொள்ளப் போகாத சட்டை. ஆனால் சமையலைக்கூட வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்து பின்னுகிறேன். நேற்று கைப்பகுதி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அளவில் குழப்பம் வந்தது. உடம்புப் பகுதி அன்றைக்கு வைத்த அளவு. ஆனால் அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இப்போது ஓடியாடுகிற வயது. என்ன அளவென்று நான் வைப்பது? தயங்கித் தயங்கி பவித்ராவுக்கே போன் போட்டேன்.

"கை எம்புட்டு நீளம் வைக்கட்டும் தாயி?"

"பெறந்த பிள்ளை அளவுக்கே வைங்க அத்தை" என்றாள். "அது பெறந்ததாவே இருக்கட்டும்."